எண்பதாம் நம்பர் நூலும் ஒரு மூக்குக் கண்ணாடியும்

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கனகக்கா கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வாசற்படிக்குப் போய் வெயிலில் காட்டிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் கொடுத்தார்.

“என்னங்க அம்மணி எழுதியிருக்குது?”

“ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தானுங்க அக்கா. நூல் பாக்க, அரிசி பொறுக்க இந்தக் கண்ணாடி போட்டே ஆகணும்.”

“போட்டே ஆகணும்னு எழுதியிருக்குதா, நீங்களாச் சொல்றீங்களா?”

நானாகத்தான் சொன்னேன். அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான். ஒரு நாள் அவர் கொடுத்த சோற்றில் மூன்று கல் இருந்தது. டாக்டரிடம் போங்கள் என்று அன்றைக்குத் தொடங்கியவள் ஒரு மாதம் விடவில்லை.

அது 1962, தை மாதம். நான் நாக்பூர், ஜபல்பூர், கல்கத்தா என்று ஆறேழு வருஷம் ஆஸ்பத்திரிகளில் நர்சு வேலை பார்த்துவிட்டு, எங்கும் தரிக்க முடியாமல் கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்தேன். சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டு வரிசையில் கனகக்காவுக்கு அடுத்த வீடு கிடைத்தது. நடுச்சுவர் ஆள் உயரம்தான், கூரை பொது. அவர் இருமினால் எனக்குக் கேட்கும். இருமலை விட்டால், சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பார். அவர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. பேச ஆளில்லாமல் போனபின் விறகுச் சுள்ளியை எண்ணவும், எரியாத விறகைத் திட்டவும் மட்டும் அந்தப் பாஷை அவரிடம் மிஞ்சியிருந்தது.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பதினைந்து வயதில் ரீலிங் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். நூல் சுற்றிய குச்சிகளான கதிர்களிலிருந்து வரும் நூலைப் பெரிய சட்டத்தில் வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்குகிற வேலை. ஒரு சட்டத்துக்கு நாற்பது கதிர், நாற்பது சிட்டம். எண்பது சுற்றுக்கு ஒரு தரம் மணி அடிக்கும். ஏழு தரம் அடித்தால் சிட்டம் முடிந்தது, இறக்கலாம். கட்டாகக் கட்டி ஈரோட்டுக்கு அனுப்பினால் அங்கிருந்து கைத்தறிக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

நூலில் நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இருபதாம் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றலாம் என்பார்கள். எண்பதாம் நம்பர் தலைமுடி மாதிரி இருக்கும். கூலியும் அதற்குத்தான் கூடுதல். கனகக்கா பதினெட்டு வருஷமாக எண்பதாம் நம்பரில் இருந்தார். சுற்றும்போது நூல் அறுந்தால் உடனே பார்த்து, மிஷினை நிறுத்தி, முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டும். பார்க்கத் தவறினால் அந்தச் சிட்டத்தில் நூல் குறையும். ஒவ்வொரு கட்டிலும் சுற்றியவளின் நம்பர்ச் சீட்டு இருப்பதால் எந்த ஊரிலிருந்து புகார் வந்தாலும் அவளைத் தேடி வந்துவிடும்.

இதில் கண்ணாடிக்கு என்ன தடை என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவரேதான் சொன்னார்.

“கண்ணாடி போட்டவளுக்கு எண்பதாம் நம்பர் கெடையாதுங்க. எங்க மேஸ்திரி பொங்கியண்ணன் வெச்ச சட்டம். கண்ணாடி மேல பஞ்சு படியுமாம், தொடச்சுட்டே நின்னா மிஷின் யாரு ஓட்டறதும்பாரு. பாத்திமுத்துன்னு ஒருத்தி, என்னைய விட நல்ல கை. போன வருசம் கண்ணாடி போட்டுட்டு வந்தா. மறுநாளே கழிவுப் பஞ்சுக்கு மாத்திப்போட்டாரு.”

கழிவுப் பஞ்சுக் கொட்டகை மில்லின் பின்கேட்டுப் பக்கம் தனியாக இருந்தது. மிஷின்களுக்கு அடியில் கூட்டி அள்ளிய பஞ்சைத் தரையில் உட்கார்ந்து பிரிக்கிற வேலை. ரீலிங்கில் மாதம் எண்பத்தைந்து வந்தால் அங்கே ஐம்பத்தைந்து. ஆனால் கனகக்கா பயந்தது அந்த முப்பது ரூபாய்க்கு மட்டுமில்லை. “கனகம்னா எண்பதாம் நம்பர் கனகம்” என்று மில்லில் பேர். வேறு எந்த விதத்திலும் அவரை யாரும் அடையாளம் சொல்வதில்லை.

இன்னார் சம்சாரம் என்று சொல்லுகிற நிலை எட்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. கணவர் நரசிம்மலு அதே மில்லில் பிட்டராக இருந்தவர். வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நல்ல சம்பளத்தில் போனார். முதலில் மாதம் ஒரு தரம் வந்தார், பிறகு பண்டிகைக்கு வந்தார், பிறகு வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்திருக்கும், பஸ் ஓடாது என்று கனகக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, மில் குழாயடியில் அத்தனை பெண்கள் நடுவே ராசாத்தாள் உண்மையைப் போட்டு உடைத்தார். “எங்கண்ணன் அந்த ரூட்டுலதான் பஸ் ஓட்டறான். மண்ணும் சரியல, கல்லும் சரியல. உன் ஊட்டுக்காரரு அங்க ஒரு பொம்பளையோட குடும்பம் நடத்தறாரு. புள்ளைக்கு ஒரு வயசாச்சு.”

கனகக்கா கையிலிருந்த சொம்பை அவர் மேல் எறிந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த ராசாத்தாள் யாரென்றால், கனகக்காவின் மிஷினுக்கு எதிர்ப் பக்கம் நின்றவர். ஒரு மிஷினுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒருத்தி. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பேச்சு நின்ற பிறகும் மேஸ்திரி அவர்களைப் பிரிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிராக நின்று எட்டு வருஷம் பேசாமல் வேலை செய்தார்கள். மிஷினை ஒருத்தி நிறுத்தினால் இரண்டு பக்கமும் நிற்கும் என்பதால், நிறுத்துமுன் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். சரி என்பதற்கு ஒரு தட்டு. தட்டிச் சொல்ல முடியாததை மிஷினைப் பார்த்துச் சொல்வார்கள்.

“இந்த மிஷினுக்குக் கதிர் கூடை தீந்துபோச்சு” என்பார் ராசாத்தாள்.

“மிஷினுக்குக் கூடை வேணும்னா மிஷினே போய் எடுத்துக்கட்டும்” என்பார் கனகக்கா.

ராசாத்தாளைப் பற்றி அவர் என்னிடம் ஓயாமல் குறைப்படுவார். “இந்த ஒண்ணரை வருசமா அவளுக்குக் கை கூடலீங்க. மணிக்குப் பத்துத் தடவ தட்டறா. அவ பக்கம் நூலு அறுந்துட்டே இருக்குது. அவ நிறுத்த நிறுத்த எஞ்சிட்டமும் கொறையுது. பொறாம புடிச்சவ கை, எப்படி ஓடும்?”

ஆக, கண்ணாடிக்கு வருகிறேன். முந்தின வருஷம் டவுன்ஹால் பக்கம் தரையில் பரப்பி விற்பவனிடம் மூன்று ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தார். அதைப் போட்டால் தரை மேடாகத் தெரிந்தது, தலைவலி வந்தது. புதிது வாங்கப் பணமும் இருந்தது. தீபாவளி போனசில் அறுபது ரூபாய் எடுத்து வைத்திருந்தார். வாங்கினால் என்ன ஆகும், வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிப் போட்டால் ஒரே நாளில் இடம் போகும். வாங்காவிட்டால் கண் இன்னும் மங்கி, புகார் வந்து, என்றைக்கோ போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கடை வீதிக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் அப்துல் மஜீத். கண்ணாடிகளை வெல்வெட் துணியில் வரிசையாக வைத்திருந்தார்.

“ஏனுங்க பாய், போட்டா போட்டிருக்கறதே தெரியாத மாதிரி ஒண்ணு இருக்குதுங்களா?” என்று கனகக்கா கேட்டார்.

“அப்படி ஒண்ணு எங்கையில இருந்தா நான் எதுக்கும்மா இந்தக் கடையில ஈ ஓட்டிட்டு இருக்கறேன்?”

“வெல கொறஞ்சது?”

“பதினெட்டு ரூவாயிலருந்து இருக்குது. அது மூக்குலயும் நிக்காது, காதுலயும் நிக்காது. கையிலதான் நிக்கும்.”

சோதனைச் சட்டத்தில் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் மூக்கில் மாட்டினார். மூன்றாவது சில்லில் கனகக்கா அசையாமல் நின்றார். மஜீத் பாயின் நெஞ்சையே பார்த்தார். பாய் கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தார்.

“பாய், உங்க சட்டைக்குக் காஜா எடுத்தவன் ஏமாத்திட்டானுங்க. மேல மூணுக்கும் அறுபதாம் நம்பர் நூல். கீழ இருக்கறதுக்கு நாப்பது போட்டிருக்கறான்.”

“யா அல்லா!” என்று பாய் சட்டையைப் பிடித்துப் பார்த்தார். “இந்தக் கண்ணை வெச்சுகிட்டா இத்தனை நேரம் வெல பேசினீங்க?”

கடைசியில் முப்பத்திரண்டு ரூபாய்க்கு முடிந்தது. பழுப்பு நிற பிரேம். திரும்பி வரும் பஸ்ஸில் கனகக்கா விரலை மடக்கித் தெலுங்கில் எண்ணிக்கொண்டே வந்தார். சிங்காநல்லூரில் இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேலை நேரத்தில் போடமாட்டார். இடுப்பில் செருகி வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போனதும் போட்டு, சட்டத்தில் இருக்கிற சிட்டங்களைச் சரிபார்ப்பார். விட்டுப்போன நூலை அப்போது முடிச்சுப் போட்டுவிடுவார். சங்கு ஊதுமுன் கழற்றிவிடுவார். கெட்டிக்கார யோசனை என்று நானும் மெச்சினேன்.

கண்ணாடி கைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டில் அடுப்பு புகையவில்லை. எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கூடு மடியில் கிடந்தது.

“என்னங்க அக்கா, மேஸ்திரி பாத்துட்டாருங்களா?”

“இல்லீங்க.” கூட்டைத் திறந்து மூடினார். “முடிச்சுல கை தெரியும், உங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியாது என்றேன்.

“ஆளுக்கு ஒரு முடிச்சுங்க. நான் போடறது சின்னது, வாலு இருக்காது. ராசாத்தா இடதுகைக்காரி. அவ முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், ஒரு வாலு நீட்டிட்டு நிக்கும். சேந்த நாள்ல இருந்தே அப்படித்தான். மத்தியானம் கண்ணாடியப் போட்டுட்டு எஞ்சட்டத்தப் பாத்தேன். பதினோரு முடிச்சு இருந்துச்சு. நாலுதான் என்னுது.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அவ பக்கம் நூல் அறுந்துபோகலீங்க. ஏம்பக்கந்தான் அறுந்துட்டு இருந்திருக்குது. அவ தட்டி நிறுத்துவா, நான் கண்ணத் தொடச்சுட்டு நிப்பேன். நடுவுல கைய உட்டு எம்பக்கத்து நூல முடிஞ்சிருக்கறா. அவ கை அசையறது தெரியும். அவ நூலத்தான் முடியறான்னு இருந்தேன். மணிக்குப் பத்துத் தடவ. ஒண்ணரை வருசம்.”

ஒவ்வொரு தடவையும் ராசாத்தாளின் சட்டமும்தானே நின்றிருக்கும். அவர் கூலியும்தானே குறைந்திருக்கும். கனகக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

“நாளைக்குக் காலைல சங்கு ஊதறப்பவே போட்டுக்கப் போறேன்” என்றார்.

“வேண்டாங்க அக்கா. இடம் போயிரும். அவங்களுக்கே தெரிஞ்சுதானே செய்யறாங்க. பேசாம இருங்க.”

“பேசாமத்தானுங்களே இத்தனை வருசம் இருந்தேன். இன்னொருத்தி கண்ணுல நான் எத்தனை நாளைக்குப் பொளைக்கறது?”

அது நன்றியா ரோஷமா என்று எனக்கு இன்றும் தெரியாது. வழக்கமாக இரண்டு பிடி போடும் அரிசியை அன்று ஒரு பிடி போட்டுக் கஞ்சி வைத்தார்.

மறுநாள் நடந்ததை அவர் பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார். காலையில் கண்ணாடியோடு மிஷின் முன்னால் நின்றபோது பக்கத்து மிஷின்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். ராசாத்தாள் நிமிர்ந்து பார்த்தார், குனிந்துகொண்டார். மிஷின் ஓடியது. ஒன்பதே முக்கால் வரைக்கும் எதிர்ப் பக்கத்திலிருந்து நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு முறைதான் தட்டல் வந்தது. கனகக்கா தன் பக்கத்துக்குத் தானே தட்டி, தானே நிறுத்தி, தானே முடிந்தார். இருவர் சட்டத்திலும் சிட்டங்கள் ஒன்று போலத் தடித்தன. அத்தனை நன்றாக அந்த மிஷின் ஓடி ரொம்ப நாளாகியிருந்தது.

பத்து மணிக்கு மேஸ்திரி வந்தார்.

“என்ன கனகம், மூக்குல வண்டி கட்டியிருக்கற?”

“கண்ணாடிங்க மேஸ்திரியண்ணா.”

“அது தெரியுது. சட்டம் தெரியுமில்ல?”

கனகக்கா தெரியும் என்று தலையசைத்தார். அதோடு விட்டிருந்தால், ஒரு வாரம் பார்க்கலாம் என்று கூட மேஸ்திரி சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் ராசாத்தாள் தன் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“மேஸ்திரியண்ணா, காலைல இருந்து அவ பக்கம் ஒரு நூலு உட்டுப்போகல. வந்து எண்ணிப் பாருங்க. பஞ்சும் படியல, ஒண்ணும் படியல. கண்ணாடி போட்டதுக்கப்புறம் எத்தன சுத்தமா ஓடுது பாருங்க!”

பொங்கியண்ணன் சிட்டங்களைப் பார்த்தார். பிறகு ராசாத்தாளைப் பார்த்தார்.

“அப்படீன்னா இதுக்கு முந்தி உட்டுப்போயிட்டு இருந்துச்சா?”

மிஷின் நின்றிருந்தது. எட்டு வருஷம் கழித்துத் தனக்காக வாயைத் திறந்தவள் திறந்த விதத்தை நினைத்து அந்த இடத்திலும் தனக்குச் சிரிப்பு வந்தது என்றார் கனகக்கா.

மத்தியானத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. அவர் டிபன் பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ராசாத்தாள் மிஷினைப் பார்த்துச் சொல்லவில்லை. கனகக்காவின் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

“ஏம்புள்ள, எட்டு வருசம் வாய மூடீட்டு இருந்தவ, கண்ணையும் மூடீட்டு இருந்திருக்கலாமில்ல?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று நான் கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது. ‘வாரேன்’னு சொல்லீட்டு வந்துட்டேன்.”

கழிவுப் பஞ்சுக் கொட்டகையில் முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. அந்த வேலைக்குக் கண் தேவையில்லை. தூசிப் பஞ்சு எது, நூல் கழிவு எது என்று விரலே சொல்லிவிடும். தூசி பறக்கிற இடத்தில் கண்ணாடியைப் போட்டால், மேஸ்திரி சொன்னதுபோல, நிஜமாகவே துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் அதைக் கூட்டில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு ரூபாய்க் கண்ணாடியால் இனிப் பார்க்க வேண்டியது அரிசியில் கல் மட்டும்தான்.

ஊர் ஊராகப் போய், எந்த ஊரிலும் ஓர் இடத்தைப் பதினெட்டு வருஷம் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாதவள் நான். கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடு என்று அப்படிப்பட்டவள் சொல்வது சுலபம்.

ராசாத்தாளை ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னேன். அவரை மத்தியானச் சிப்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் கனகக்கா. இவர் பின்கேட்டு வழியாக வீடு திரும்பும்போது அவர் முன்கேட்டு வழியாக உள்ளே போய்க்கொண்டிருப்பார். எதிர்ப் பக்கத்துக்கு ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்களாம். ராசாத்தாள் அதிகம் தட்டுவதில்லையாம். இதையெல்லாம் பாத்திமுத்து சொல்லித் தெரிந்துகொண்டார். இப்போது கொட்டகையில் பாத்திமுத்துவும் இவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஆனால் பாத்திமுத்துவுக்கு வீட்டில் பேச ஆறு பேர் இருக்கிறார்கள். அவர் வேலை நேரத்தில் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்.

“அவங்களா வருவாங்க அக்கா. ஞாயித்துக்கிழமை லீவுதானே” என்றேன்.

“எதுக்கு வாரா? வந்து என்னத்தப் பேசறது? அவ புருசன், புள்ளைக, அவளுக்கு ஆயிரம் வேல.”

பங்குனியில் எனக்கு மறுபடியும் கால் நிலைகொள்ளவில்லை. விசாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கனகக்கா அவர் வீட்டு வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. கிட்டத்தைக் காட்டுகிற கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தால் எல்லாம் புகையாகத் தெரியும். தெரு முனையில் ஆள் நிழல் திரும்பும்போதெல்லாம் அவர் முறத்திலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, யார் என்று பார்த்தார். பால்காரர். அடுத்த வரிசை வீட்டு மருமகள். மில் வாட்ச்மேன் கருப்புசாமி. பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு அரிசியில் குனிந்தார்.

அரிசி எப்போதோ சுத்தமாகிவிட்டது. நான் பார்த்த ஒரு மணி நேரத்தில் எட்டு முறை கழற்றினார்.